அந்தத் தட்டை ‘பாப்’ பெட்டியில் வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சோல் இசை இரவுகளை நடத்துகிறவர்களுக்கும், அறுபதுகளின் இசைத்தட்டுகளை வகைபிரித்துப் பட்டியலிடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் வடமேற்கில் ஒரு சிறு நகரத்தின் தொழிலாளர் மன்ற அரங்கில், உங்களில் ஒருவர் நடத்திய, கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த சோல் இசைத்தட்டுகளுக்கு ஆடும் இரவுக்கு வந்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மேல் தட்டு சுழற்றுபவர் விருப்பப் பாடல்களை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னதால், மேடையருகே சென்று அமெரிக்கப் பாடகி டிமி யூரோ பாடிய ‘இட்டில் நெவர் பி ஓவர் ஃபார் மீ’யைக் கேட்டேன். அவர் மிகவும் மரியாதையாகவே பதில் சொன்னார். அருமையான பாட்டு, ஆனால் அது பாப், இங்கே நாங்கள் சோல் மட்டும்தான் போடுகிறோம் என்றார். அரை மணி நேரம் கழித்து, அரங்கின் வாசலை ஒட்டிய விற்பனை மேசையில் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதே தட்டு ‘அறுபதுகள், பாப், பெண்குரல்’ என்று கையால் எழுதி ஒட்டப்பட்ட அட்டைப்பெட்டியில் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது அதன் ஒரு பக்கம் நரைத்திருந்தது. ஊசி ஓடி ஓடிப் பள்ளங்களின் கறுப்பு உதிர்ந்து சாம்பல் பூத்திருந்தது. மறுபக்கமோ நேற்று அச்சிலிருந்து எடுத்தது போலப் பளபளத்தது. யாரோ ஒருவர் இந்தத் தட்டை வாங்கி, அந்த ஒரே பக்கத்தை நூற்றுக்கணக்கான முறை போட்டுக் கேட்டிருக்கிறார். பாப் என்று பெயரிட்டு ஒதுக்கிய தட்டுக்குள் அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியே இந்த மடலை எழுத வைத்தது.

இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இந்த இசையைப் பற்றி இருபது ஆண்டுகளாக நான் என் வீட்டிலும் நண்பர்களிடமும் தமிழில்தான் வாதாடி வருகிறேன்; மனத்தில் உள்ளதை மழுப்பாமல் சொல்ல எனக்கு வாய்க்கும் மொழியும் இதுதான். உங்களில் தமிழ் அறியாதவர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். சோல் இசையை நேசிக்கும் தமிழ் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இந்த வழக்கை எடைபோட்டுப் பார்க்கட்டும்.

முதலில் பாடகியைப் பற்றி. டிமி யூரோ 1940-இல் சிகாகோவில் ஓர் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னர் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் நடத்திய உணவகத்தில் பாடத் தொடங்கிய பெண்ணை லிபர்ட்டி இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1961-இல் வெளியான ‘ஹர்ட்’ அமெரிக்கப் பாப் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. அது அவருடைய சொந்தப் பாட்டு அன்று. கறுப்பினப் பாடகர் ராய் ஹாமில்டன் 1954-இல் பாடியது. யூரோவின் பதிவைத் தயாரித்தவர் கிளைட் ஓட்டிஸ். அவரும் கறுப்பினத்தவர், கறுப்பினப் பாடகர்களான டைனா வாஷிங்டனையும் புரூக் பெண்டனையும் மெர்க்குரி நிறுவனத்தில் வழிநடத்தியவர். உருவத்தில் சிறிய அந்தப் பெண்ணின் குரலை வானொலியில் மட்டும் கேட்ட பலர் அவரைக் கறுப்பினப் பாடகி என்றே நினைத்தார்கள். சிலர் பாடுவது ஆண் என்றும் எண்ணினார்கள். 1964-இல் மெர்க்குரிக்குப் போய் குயின்சி ஜோன்ஸின் தயாரிப்பில் ஒரு முழு ஆல்பம் பாடினார். அறுபதுகளின் இறுதியில் லிபர்ட்டிக்கே திரும்பி வந்தபோது பதிவானதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் தட்டு. வெளியான காலத்தில் அதை வாங்குவார் இல்லை. பிறகு இங்கிலாந்தின் வடபகுதி நடன அரங்குகள்தான் அதைத் தேடியெடுத்துக் காப்பாற்றின. தொண்டைப் புற்றுநோய் அந்தக் குரலைப் பறித்துக்கொண்டது. 2004-இல் அவர் மறைந்தார்.

உங்கள் தரப்பிலிருந்து பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் மறுப்புகளை நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். வயலின்களும் பித்தளைக் குழல்களும் சேர்ந்த பெரிய வாத்தியக் குழு இருப்பதால் இது பாப் என்கிறீர்கள். கறுப்பின இசைக்கென்று இருந்த ரிதம் அண்ட் புளூஸ் விற்பனைப் பட்டியலில் இது இடம்பெறவே இல்லை என்கிறீர்கள். பாடியவர் வெள்ளையர் என்ற மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் முதல் இரண்டுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

வயலின்களைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. 1959-இல் கிளைட் ஓட்டிஸ் தயாரித்து டைனா வாஷிங்டன் பாடிய ‘வாட் எ டிஃப்ரன்ஸ் எ டே மேட்’ முழுக்க முழுக்க வயலின்களின் மேல் மிதக்கும் பாட்டு. அதற்குச் சிறந்த ரிதம் அண்ட் புளூஸ் நிகழ்த்தலுக்கான கிராமி விருதே கிடைத்தது. அதே ஆண்டில் டிரிஃப்டர்ஸ் குழுவின் ‘தேர் கோஸ் மை பேபி’யில் தயாரிப்பாளர்கள் லைபரும் ஸ்டோலரும் வயலின்களைச் சேர்த்தார்கள், பென் ஈ. கிங்கின் குரல் அதனால் ஒரு துளியும் நீர்த்துப்போகவில்லை. சோல் தட்டுகளுக்குப் பேர்போன மோட்டவுன் நிறுவனத்தின் தட்டுகளில் வாசித்த வயலின்காரர்களில் பலர் டெட்ராய்ட் சிம்பனி இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள். வட இங்கிலாந்தின் பழைய சோல் நடன அரங்கான விகன் கசினோவில் காலையில் கடைசியாக ஒலித்த மூன்று பாடல்களில் ஒன்றான ஜிம்மி ராட்கிளிஃபின் ‘லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்’ பர்ட் பக்கராக்கும் ஹால் டேவிடும் எழுதியது. அதன் வாத்திய அமைப்பு நியூயார்க் பாப் இசையின் அச்சு அசலான வார்ப்பு. அதை உங்களில் ஒருவரும் பாப் பெட்டியில் போட்டு நான் கண்டதில்லை. போடவும் கூடாது. அப்படியானால் வயலின் உண்மையான காரணம் ஆகாது.

பட்டியல் வாதம் இதைவிடச் சுவையானது, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை 1963 நவம்பர் இறுதியிலிருந்து 1965 ஜனவரி வரை ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலை வெளியிடவே இல்லை. பாப் பட்டியலில் இருந்த பாடல்களும் இந்தப் பட்டியலில் இருந்தவையும் அந்த அளவுக்கு ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. மீண்டும் தொடங்கிய அந்தப் பட்டியலுக்கு ‘சோல்’ என்ற பெயர் வந்தது 1969 ஆகஸ்டில்தான். அதாவது, நீங்கள் சோலின் பொற்காலம் என்று கொண்டாடும் பத்தாண்டின் பெரும்பகுதியில் அந்தப் பெயரில் பில்போர்டில் ஒரு பட்டியலே கிடையாது. அதற்குள்ளும் ஓராண்டுக்கு மேல் எந்தப் பிரிவும் இல்லாமல் எல்லாமே ஒரே மந்தையாக ஓடின.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ‘இட்டில் நெவர் பி ஓவர் ஃபார் மீ’யை யூரோவுக்கு முன்பே பாடியவர் கறுப்பினப் பாடகி பேபி வாஷிங்டன். நியூயார்க்கில் ஜக்கி மர்ரி என்ற கறுப்பினத் தொழில்முனைவர் 1957-இல் தொடங்கிய சூ ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது. வெளியான ஆண்டு 1964. பட்டியலே இல்லாத அந்த இடைவெளிக்குள்தான் அது விழுகிறது. பட்டியலைச் சான்றாகக் கேட்டால், பேபி வாஷிங்டனின் மூலப் பதிவையும் நீங்கள் வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். அவரை நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். அவர் குரலைக் கேட்டே முடிவு செய்தீர்கள். அதே நீதியைத்தான் இந்தத் தட்டுக்கும் கேட்கிறேன்.

இனி மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். இதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை, தட்டிக்கழிப்பது அநீதியும் ஆகும். சோல் என்ற சொல் கறுப்பினத் தேவாலயத்திலிருந்து வந்தது. ரே சார்ல்ஸ் 1954-இல் ஒரு காஸ்பல் பாட்டின், அதாவது தேவாலயப் பாட்டின், எலும்புக்கூட்டின் மேல் காதல் வரிகளைப் போர்த்திப் பாடியபோது, அது தெய்வ நிந்தனை என்று அவருடைய மக்களிடமிருந்தே கண்டனம் எழுந்தது. சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் இயேசுவைப் பாடிக்கொண்டிருந்த சாம் குக் 1957-இல் பாப் பக்கம் வந்தபோது காஸ்பல் அரங்குகளில் அவருக்கிருந்த இடத்தை இழந்தார். அரீத்தா ஃபிராங்ளின் டெட்ராய்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்துப் போதகரின் மகள். இந்த இசை அவர்களுடைய பிரார்த்தனையிலிருந்தும் அவர்கள் பட்ட பாட்டிலிருந்தும் பிறந்தது. அதன் பலனையோ மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1956-இல் வெள்ளையரான பாட் பூன் பாடிய ‘டுட்டி ஃப்ருட்டி’ கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் மூலத்தைவிடப் பாப் பட்டியலில் மேலே ஏறியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே இந்தச் சொல்லுக்கு வேலி கட்டிக் காவல் நிற்க வேண்டும் என்று உங்களில் சிலர் நினைப்பதை நான் மதிக்கிறேன். அந்தக் காவலில் நானும் நிற்கத் தயார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். டிமி யூரோவின் கதையை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால், அவருடைய மிகப் பெரிய வெற்றி ராய் ஹாமில்டனின் பாட்டு, நம்முடைய இந்தத் தட்டு பேபி வாஷிங்டனின் பாட்டு. கறுப்பினப் பாடகர் பாடியதை வெள்ளையர் ஒருவர் மறுபடி பாடிய பழைய கதைதானே இதுவும் என்று கேட்பவரிடம் எனக்கு ஆயத்தமான ஒற்றை வரிப் பதில் இல்லை. நான் பல நாள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பாட் பூனின் தட்டு லிட்டில் ரிச்சர்டின் தட்டுக்குப் பதிலாக விற்கப்பட்டது; அதைக் கேட்பவர் மூலத்தைக் கேட்க வேண்டாம் என்பதற்காகவே, அதிலிருந்த காரத்தையெல்லாம் எடுத்துவிட்டுச் செய்யப்பட்டது. யூரோவின் தட்டு பேபி வாஷிங்டனுடையது வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து வந்தது, அந்தச் சந்தையில் அவரிடமிருந்து ஒரு காசையும் பறிக்கவில்லை, தானும் விற்கவில்லை. காரத்தை எடுக்கவும் இல்லை, கூட்டியிருக்கிறது. மூலத்தைச் சலவை செய்து விற்பதும், மூலத்திடம் பாடம் கேட்டுத் தன் தொண்டையால் பதில் சொல்வதும் ஒன்றல்ல என்று நான் நம்புகிறேன். ராய் ஹாமில்டனின் பாட்டைக் கறுப்பினத் தயாரிப்பாளரான கிளைட் ஓட்டிஸ் இந்தப் பெண்ணைக் கொண்டு பதிவு செய்தார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டைனா வாஷிங்டனை எதிரே நிற்க வைத்துப் பதிவு செய்த காது அது.

நிறத்தை மட்டுமே அளவுகோலாக்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பாருங்கள். மெம்பிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குக்கு வாசித்த குழுவில் ஸ்டீவ் க்ராப்பரும் டொனால்ட் டன்னும் வெள்ளையர்கள், புக்கர் டீ. ஜோன்ஸும் அல் ஜாக்சனும் கறுப்பினத்தவர்கள். அரீத்தா 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸுக்குப் போய்ப் பியானோ முன் அமர்ந்தபோது அவரைச் சுற்றி வாசித்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் வெள்ளைக்கார இளைஞர்கள். கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் கார் பாடிய ‘தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’டை எழுதியவர்கள் டேன் பென்னும் சிப்ஸ் மோமனும், இருவரும் வெள்ளையர்கள். அந்தப் பாட்டை யாராவது உங்கள் முன்னால் பாப் என்று சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா? பாட்டை எழுதலாம், கிதார் மீட்டலாம், தாளம் போடலாம், அப்போதெல்லாம் சோல்தான்; ஒலிவாங்கியின் முன் வந்து நின்றால் மட்டும் அந்தக் கணமே பாப் ஆகிவிடும் என்ற விதியை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சரி, எதைக் கொண்டு தீர்மானிப்பது? குரல் என்ன செய்கிறது என்பதைக் கொண்டுதான். இதைச் சொல்வது எளிது, ஆகவே இந்தத் தட்டையே எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

நரைத்த பக்கத்தில் ஊசியை வையுங்கள். தட்டு தேய்ந்திருப்பதால் முதலில் அடுப்பில் எண்ணெய் பொரிவது போன்ற ஒரு சத்தம் வரும், பிறகு வாத்தியங்கள் எழும். யூரோ தொடக்கத்திலேயே கத்துவதில்லை. அடிக்குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலத் தொடங்குகிறார். தாளம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவரோ ஒவ்வொரு வரியையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இறக்குகிறார். நடனமாடுகிறவரின் கால் ஓரிடத்திலும் மனம் இன்னோரிடத்திலும் இருப்பதற்கு இந்த இடைவெளியே காரணம். நல்ல பாப் பாடகி தாளத்தின் மேல் ஏறி அமர்ந்து அழகாகப் போவார், அது குறையும் அல்ல. இங்கே பாடகி தாளத்தோடு இழுபறி நடத்துகிறார். தலைப்பு வரி திரும்பத் திரும்ப வரும்போது அதைக் கவனியுங்கள். முதலில் அது ஒரு செய்தி. அடுத்து வரும்போது குரலின் ஓரம் கிழியத் தொடங்குகிறது. ‘நெவர்’ என்ற சொல்லை அவர் நேராகப் பிடிப்பதில்லை, கீழிருந்து இழுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கடைசிப் பகுதியில் வரியே வரியாக இல்லை, மன்றாட்டாகிவிடுகிறது. எழுதிவைத்த மெட்டைப் பாடி முடித்துவிட்டு, அந்த மெட்டு போதவில்லை என்பதால் அதற்கு அப்பால் போகிறார்.

நம் பாட்டுக் கச்சேரிகளில் பிருகா என்று சொல்வோமே, அதுபோன்ற உருட்டல்கள் சோல் பாட்டிலும் உண்டு. ஆனால் உருட்டுகிற ஒவ்வொருவரும் சோல் பாடுகிறார் என்று ஆகாது. இன்று தொலைக்காட்சிப் போட்டிகளில் ஒரே சொல்லுக்குள் பதினைந்து சுரங்களைச் சுற்றிவிட்டுப் புன்னகைக்கும் குழந்தைகளைக் கேட்கிறோம். தொண்டை வேலை செய்கிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. யூரோவிடம் உருட்டல் மிகக் குறைவு. அவர் உடைகிற இடத்தில்தான் குரல் உடைகிறது. தேவாலயத்தில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர் மெல்லப் பேசத் தொடங்கி, பேச்சு தாங்காமல் பாட்டாகி, பாட்டும் தாங்காமல் கூவலாகி முடிவார். காஸ்பல் பாட்டின் முதுகெலும்பு அந்த ஏற்றம்தான். இந்தத் தட்டின் முதுகெலும்பும் அதுவே. அதை அந்தப் பெண் எங்கே யாரிடம் கற்றார் என்பது தட்டில் இல்லை. கற்றிருக்கிறார் என்பது இருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது, எதிர்த்திசையிலிருந்து என்னை ஆதரிக்க வருகிற நண்பர்களிடமும் நான் வேறுபட வேண்டியிருக்கிறது. விகனில் ஆடினோம், ஆகவே அது சோல் என்கிறார்கள் அவர்கள். இதை நான் ஏற்கவில்லை. விகன் போன்ற வடக்கு அரங்குகளின் ரசனையைக் குறிக்கும் ‘நார்தர்ன் சோல்’ (வடக்கின் சோல்) என்ற பெயரை அச்சில் கொண்டுவந்தவர் லண்டனில் சோல் சிட்டி கடையை நடத்திய டேவ் காடின். 1970-இல் ‘புளூஸ் அண்ட் சோல்’ இதழில் எழுதினார். வடக்கிலிருந்து கால்பந்து பார்க்க வந்த இளைஞர்கள் புதிய ஃபங்க் தட்டுகளைத் தொடாமல், அறுபதுகளின் வேகமான பழைய தட்டுகளையே கேட்டார்கள் என்பதால், கடையின் வசதிக்காகப் புழங்கிய பெயர் அது. அது ஒரு பிராந்தியத்தின் ரசனைக்கு, கால்களின் விருப்பத்துக்கு வைத்த பெயர். 1973 செப்டம்பர் 23 அன்று தொடங்கி 1981 டிசம்பர் வரை விகன் கசினோவில் நள்ளிரவு தாண்டிக் கதவு திறந்து காலை எட்டு மணிவரை ஆடிய அந்தத் தலைமுறையை நான் வணங்குகிறேன். மது இல்லை, மரத்தரையில் டால்கம் பவுடரைத் தூவிச் சுழன்றார்கள், வாரம் முழுக்க ஆலையில் நின்ற கால்கள் அவை. அமெரிக்கா மறந்துபோன எத்தனையோ கறுப்பினப் பாடகர்களின் பெயர்களை அவர்களே உயிரோடு வைத்திருந்தார்கள். ஆனாலும் அதே தரையில் ‘ஜோ 90’ என்ற பொம்மைத் தொலைக்காட்சித் தொடரின் இசையும் ஒலித்தது. கனடாவிலிருந்து வந்த ஒரு வாத்திய இசைத்தட்டை வேகம் கூட்டி, கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்து ‘ஃபுட்ஸீ’ என்று வெளியிட்டார்கள்; 1975-இல் அது பிரிட்டனின் பாப் பட்டியலில் முதல் பத்துக்குள்ளும் போனது. அவற்றுக்கு ஆடலாம், நானும் ஆடியிருக்கிறேன். அவை சோல் அல்ல. பாடுகிறவரே இல்லாத இடத்தில் நான் மேலே சொன்ன சோதனையை எதன்மேல் வைப்பது?

நடுவில் நிற்கும் தட்டுகளும் உண்டு, அவற்றை ஒளிக்க மாட்டேன். விகனின் கடைசி மூன்றில் இன்னொன்றான டீன் பாரிஷின் ‘ஐம் ஆன் மை வே’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் நியூயார்க்கின் இத்தாலிய வம்சாவளிப் பாடகர். வெளியிட்டது ஷிஃபான்ஸ் குழுவையும் டியானையும் பாப் உலகுக்குத் தந்த லாரி நிறுவனம். அந்தப் பாட்டு ஒலித்தால் அறுபது வயதைத் தாண்டியவர்களும் நாற்காலியை விட்டு எழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் காதுக்கு அங்கே பாட்டின் வேகமும் வாத்தியங்களின் உந்துதலும்தான் வேலையைச் செய்கின்றன. குரல் அவற்றின் மேல் கம்பீரமாகச் சவாரி செய்கிறது, அவற்றோடு போராடவில்லை. அதை மிக உயர்ந்த நடனத் தட்டு என்பேன். சோல் என்று சொல்லத் தயங்குவேன். நீங்களோ அதை ஒரு கேள்வியும் இல்லாமல் சோல் வரிசையில் வைத்து, யூரோவைப் பாப் பெட்டிக்கு அனுப்புகிறீர்கள். இருவரும் வெள்ளையர், இருவருமே இத்தாலிய வழியினர். ஆகவே நிறம் என்ற அளவுகோலைக்கூட நீங்கள் சீராகப் பிடிக்கவில்லை. விகனின் கடைசி மணி நேரத்தில் ஒலித்ததா இல்லையா என்பதே தீர்மானித்திருக்கிறது. அது பழக்கத்தின் தீர்ப்பு, காதின் தீர்ப்பு அன்று.

பெட்டியின் பெயர் மாறினால் என்ன வந்துவிடும், பாட்டு பாட்டுதானே என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் தட்டுகளைத் தேடிக்கொண்டு வருகிற இளையவர்கள் நீங்கள் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். பாப் பெட்டியில் போட்ட தட்டு பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூடச் சோல் இரவில் சுழலாது. சுழலாத தட்டை யாரும் கேட்பதில்லை, யாரும் கேட்காததை யாரும் மறுபதிப்புச் செய்வதில்லை. அதோடு சேர்ந்து, இந்தப் பாட்டை முதலில் பாடிய பேபி வாஷிங்டனுக்குப் போகும் வழியும் அடைபடுகிறது. நானே யூரோவைக் கேட்டு, எழுதியவர் யார், முன்பு பாடியவர் யார் என்று தேடித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். சூ நிறுவனத்தின் தட்டுகள் அத்தனையும் அதன் பிறகு எனக்குத் திறந்தன. வேலி கட்டுகிறவர்கள் காக்க விரும்புகிற அந்தப் பெண்ணிடமே என்னைக் கொண்டுபோய் விட்டது வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட இந்தத் தட்டு.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது சிறியது. பட்டியல் தொகுப்பவர்கள் டிமி யூரோவின் இந்தப் பதிவைச் சோல் வரிசையில் சேருங்கள். சேர்க்கும்போது பேபி வாஷிங்டன், சூ ரெக்கார்ட்ஸ், 1964 என்ற குறிப்பை அதன் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் போடுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் இவரைச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமலே விடுவது மேல் என்றுகூடச் சொல்வேன். வேறு எந்தத் தட்டையாவது பாப் என்று ஒதுக்குவதாக இருந்தால், எதனால் என்று ஒரு வரி எழுதுங்கள்: வயலினா, பட்டியலா, நிறமா, குரலா. எழுத வேண்டி வந்தால் பலரும் தட்டை இன்னொரு முறை போட்டுக் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இரவுகளை நடத்துகிறவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். என்னிடம் அன்று மறுத்த அந்தத் தட்டுச் சுழற்றுநரை நான் குறைசொல்லவில்லை. அவர் நாற்பது ஆண்டுகளாக இந்த இசையைத் தோளில் சுமப்பவர், எனக்குத் தெரியாத நூறு பாடகர்களை அவர் வழியாகவே நான் அறிந்தேன். அடுத்த நிகழ்வில் முதலில் பேபி வாஷிங்டனைப் போட்டு, அது முடிந்த கையோடு யூரோவைப் போடுங்கள். நடுவில் ஒன்றும் பேச வேண்டாம். ஆடுகிறவர்கள் தரையை விட்டு இறங்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள். யூரோவின் தட்டு உங்களிடம் இல்லையென்றால் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். வழக்கமாக நான் நிற்கும் இடம் மேடைக்கு இடப்பக்கம், ஒலிபெருக்கியை ஒட்டி. உறையில் எந்தப் பக்கம் என்று எழுதி வைத்திருக்க மாட்டேன், நரைத்திருக்கும் பக்கத்தைப் போட்டால் போதும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் இரவுகளுக்கு இருபது ஆண்டுகளாக வந்துபோகும் ஒரு ரசிகன்